அமைதியான மீனவ ஊருக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு

மீனவ ஊரில் வேலைநாள் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கே தொடங்கிவிடுகிறது. வெளியூர்க்காரர் தூங்கி எழுந்து, சிற்றுண்டி முடித்து, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு வரும்போது ஏலம் முடிந்திருக்கும். படகுகள் மீன் இறக்கும் இறங்குதளம் கழுவி விடப்பட்டிருக்கும். இரவெல்லாம் கடலில் இருந்தவர்கள் படுக்கப் போயிருப்பார்கள். “பார்க்க ஒன்றுமே இல்லை” என்று மறுநாளே கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஊரில் எல்லாம் நடந்துதான் இருக்கிறது. அவர்கள் விழித்திருந்த நேரத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இங்கே நான் வலியுறுத்தப்போவது ஒன்றே ஒன்று: ஊரின் நேரத்தைக் கடல் தீர்மானிக்கிறது, உங்கள் நாளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எந்த மாதம் போவது, எங்கே அறை எடுப்பது, எப்போது குளிப்பது, எந்த மீனைச் சாப்பிடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கிருந்துதான் வருகிறது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் எந்த நாட்டுக் கரைக்குப் போனாலும் இது பொருந்தும்.

முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு தேதியைக் குறியுங்கள்

வெப்பமண்டலத்தில் கோடை, குளிர் என்ற கணக்கு அதிகம் உதவாது. மழைக்காலம், வறண்ட காலம் என்ற கணக்கும் பாதிதான் உதவும். மீனவ ஊருக்கு முக்கியம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பது. கடலிலிருந்து கரையை நோக்கிப் பலத்த காற்று வீசும் மாதங்களில் அலை உயர்ந்துவிடும். சிறிய படகுகளை மணல்மேட்டுக்கு ஏற்றி வைத்துவிடுவார்கள். அந்த ஊர் ஒரு தீவில் இருந்தால், அதே மாதங்களில் தீவின் மறுபக்கக் கரை குளம்போல் கிடக்கும். ஆகவே நாட்டின் பொதுவான வானிலையைப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். நீங்கள் போகும் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, அந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மழை பெய்தால் நனைவீர்கள். எதிர்க்காற்றுக் காலத்தில் போனால் கவிழ்த்து வைத்த படகுகளை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

புயல் பருவம் கடலுக்குக் கடல் மாறுகிறது. கரீபியனிலும் வட அட்லாண்டிக்கிலும் ஜூன் முதல் நவம்பர் வரை. தென் இந்தியப் பெருங்கடலிலும் தென்மேற்குப் பசிபிக்கிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வங்காள விரிகுடாவில் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இரண்டு முறை. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிச் சுழலவைக்கும் விசை அங்கே போதாது. தேதியை மாற்றிக்கொள்ள முடியாதவர்கள் நிலநடுக்கோட்டை ஒட்டிய கரைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் விசாரியுங்கள். மீன் இனப்பெருக்கத்துக்காகப் பல நாடுகள் ஆண்டில் சில வாரங்களோ மாதங்களோ கடலுக்குப் போவதைத் தடுக்கின்றன. வங்கதேசத்தில் இலிசா மீனுக்காக அக்டோபரை ஒட்டி 22 நாள் தடை உண்டு. பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா கரையில் மத்தி மீனுக்கு ஆண்டு இறுதியை ஒட்டி மூன்று மாதத் தடை. அந்த நாட்களில் போனால் வலை பழுதுபார்ப்பதும் படகுக்கு வண்ணம் பூசுவதும்தான் நடந்துகொண்டிருக்கும். அதுவும் பார்க்கத்தக்கதே, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கடலுக்குப் போகாத வழக்கமும் பல ஊர்களில் இருக்கிறது. இரண்டே நாள் தங்கப் போகிறவருக்கு அந்த ஒரு நாள் பெரிய இழப்பு.

நிலவையும் கணக்கில் சேருங்கள். விளக்கு வெளிச்சத்தில் மீனையும் கணவாயையும் கூட்டிப் பிடிக்கும் ஊர்களில் முழுநிலவை ஒட்டிய இரவுகளில் வேலை குறையும். வானமே வெளிச்சமாக இருக்கும்போது விளக்கைத் தேடி மீன் வருவதில்லை. கருநிலவு (அமாவாசை) நாட்களில் போனால் இரவுக் கடலில் வரிசையாக எரியும் படகு விளக்குகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அதேசமயம் கருநிலவிலும் முழுநிலவிலும்தான் ஓதத்தின், அதாவது கடல் மட்டத்தின், ஏற்ற இறக்கம் மிக அதிகம். கடல் பின்வாங்கிய தரையில் நடந்து சிறு உயிர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த நாட்களே ஏற்றவை.

எங்கே தங்குவது

கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் இரண்டு கேள்விகளை அதற்கு முன்னால் வைப்பேன். ஒன்று, இறங்குதளம் எவ்வளவு தூரம். நடந்து பத்து, பதினைந்து நிமிடத் தொலைவு மிகச் சரியானது. இன்னும் நெருங்கினால் அதிகாலை மூன்று மணிக்கு எஞ்சின் சத்தம் உங்களை எழுப்பிவிடும். வெகுதூரம் போனால் இருட்டில் எழுந்து நடக்கச் சோம்பி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்புவீர்கள். இரண்டாவது, மீன் உலர்த்தும் இடம் எந்தப் பக்கம். பகலில் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும் என்பதால், உலர்த்தும் திட்டுக்கு நேர் பின்னால் அறை எடுத்தால் நாள் முழுதும் கருவாட்டு மணம் வரும். எனக்கு அது பிடிக்கும். பழகாதவர்களுக்குத் தலைவலி.

கொசுவலை இருக்கிறதா என்று கேட்பது ஆடம்பரமல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் அந்தி சாயும்போதும் கடிக்கிறது. மலேரியாவைப் பரப்புவது இரவில் கடிக்கிறது. ஆகவே இரண்டு வேளைக்கும் பாதுகாப்பு வேண்டும். கடலுக்கு அருகில் காற்று இருப்பதால் கொசு வராது என்று நம்பிவிடாதீர்கள். காற்று விழும் அந்திப் பொழுது ஒன்று இருக்கிறது. கொசுவும் மணல் ஈயும் அப்போதுதான் கிளம்புகின்றன.

பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழுக்கை பருத்திச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, ஈரத்திலும் வழுக்காத செருப்பு, தலையில் மாட்டும் டார்ச் விளக்கு, தண்ணீர் புகாத ஒரு பை, வழக்கமாக உண்ணும் மருந்துகள். சில்லறை நோட்டுகள் நிறைய வேண்டும். சிற்றூரில் ஏடிஎம் இருந்தாலும் அதில் பணம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சன்ஸ்கிரீன் வாங்கும்போது உட்பொருளைப் பாருங்கள். பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டும் கலந்த பூச்சுகளின் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடைசெய்தது. பலாவு தீவு நாடு அதற்கு ஓராண்டு முன்பே இன்னும் விரிவான தடை கொண்டுவந்தது. எந்தப் பூச்சைவிடவும் முழுக்கைச் சட்டை மேல் என்பது என் கருத்து. வியர்வையில் அது கரைந்து போவதில்லை, கடலிலும் கலப்பதில்லை.

போய்ச் சேரும் நாள்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். கடைசி பஸ்ஸில் இருட்டில் இறங்கினால் ஊரின் அமைப்பு பிடிபடாது. மறுநாள் அதிகாலையில் எந்தச் சந்து கடலுக்குப் போகிறது என்று தடுமாறுவீர்கள். பையை வைத்துவிட்டு, மாலை நான்கு, ஐந்து மணிவாக்கில் கையில் எதுவும் இல்லாமல் ஒரு நடை நடந்து வாருங்கள். கேமராவும் வேண்டாம். முதல் மாலையில் உங்களைப் பார்க்கிறவர்கள், மறுநாள் காலை இருட்டில் நீங்கள் வந்து நிற்கும்போது அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்த ஒரு நடை தரும் அறிமுகத்தைப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

அந்த நடையில் மூன்று விவரங்களை விசாரித்துவிடுங்கள். படகுகள் நாளை எத்தனை மணிக்குக் கரைசேரும்? எந்த இடத்தில் குளிக்கக் கூடாது? மேட்டு நிலத்துக்குப் போகும் வழி எது? மூன்றாவதைக் கேட்கப் பலருக்குத் தயக்கம். கேட்டே ஆக வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்பது கடலில் இறங்கும் பகுதியில் வரும்.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். விடுதி வரவேற்பறையில் கேட்டால் குத்துமதிப்பான பதில் வரும். ஐஸ் உடைக்கும் கடை, எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை, விடியுமுன் திறக்கும் தேநீர்க்கடை ஆகிய இடங்களில் கேளுங்கள். படகு எப்போது வரும் என்பது தெரியாமல் அவர்களால் பிழைப்பு நடத்த முடியாது.

படகு வரும் காலை

இந்தப் பயணத்தின் உயிர் இந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. எனவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

இரவில் கடலைவிட நிலம் விரைவாகக் குளிர்வதால், விடியுமுன் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். பகலில் நிலம் சூடேறியதும் அது திரும்பிக் கடலிலிருந்து அடிக்கத் தொடங்கும். பாய்மரக் காலத்தில் இந்த நிலக்காற்றில் புறப்பட்டுக் கடற்காற்றில் திரும்புவதே உலகம் முழுதும் கரையோர மீனவர்களின் கால அட்டவணை. எஞ்சின் வந்த பிறகும் சிறுபடகுகள் பெரும்பாலும் அந்த ஒழுங்கை விடவில்லை, காரணம் விடியற்காலையில்தான் நீர் சலனமில்லாமல் இருக்கும். இரவு வலை விட்டவர்கள் காலையில் திரும்புவார்கள், விடியலில் போனவர்கள் நண்பகலை ஒட்டித் திரும்புவார்கள். உங்கள் ஊரில் எது வழக்கம் என்பது முந்தைய மாலையே தெரிந்துவிட்டிருக்க வேண்டும்.

இறங்குதளத்துக்கு முதல் படகு வருவதற்கு அரைமணி முன்பே போய்விடுங்கள். போனதும் முதலில் செய்ய வேண்டியது, நிற்க ஓர் இடம் தேடுவது. கூடை தூக்குகிறவர்கள் எந்த வழியில் ஓடுகிறார்கள், ஐஸ் வண்டி எங்கே திரும்புகிறது, படகை இழுக்கும் கயிறு எந்தக் கோட்டில் விறைக்கிறது என்று பார்த்து, அந்தப் பாதைகளில் எதிலும் படாத மூலையில் நில்லுங்கள். விறைத்த கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கவே கூடாது. அறுந்தால் அது அடிக்கும் வேகம் எலும்பை முறிக்கும். மணலில் விரித்திருக்கும் வலையையும் மிதிக்காதீர்கள். மிதித்தால் அறுவதைவிட, காலில் குத்தும் தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் பெரிய ஆபத்து. கெளிற்று மீனின் முள், திருக்கையின் வால் முள் போன்றவை கழித்துப்போட்ட மீனோடு மணலில் கிடக்கும். வெறுங்காலோடு அங்கே நடக்க வேண்டாம்.

பிறகு ஏலத்தைக் கவனியுங்கள். மொழி புரியாவிட்டாலும் கை புரியும். வாங்க வந்த பெண் மீனின் தலையைத் தூக்கி, கட்டைவிரலால் செவுள் மூடியை விலக்கி உள்ளே பார்ப்பார். அடர்சிவப்பாக இருந்தால் இறக்கி வைப்பார். வெளிறி இருந்தால் அந்தக் குவியலையே தாண்டிப் போய்விடுவார். வயிற்றில் விரலை அழுத்துவார், பள்ளம் உடனே நிமிர வேண்டும். கண் துருத்திக்கொண்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். இதெல்லாம் நடந்து முடிய இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் அவர் போடும் விலைதான் ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி. உலகில் பிடிக்கப்படும் மீனில் குறைந்தது 40 விழுக்காடு இப்படிப்பட்ட சிறு அளவு மீன்பிடியிலிருந்து வருகிறது என்றும், இந்தத் தொழிலில் ஈடுபட்டிருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள் என்றும் ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கடலுக்குள் போகிறவரை மட்டும் மீனவர் என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள், கரையில் நடக்கும் பாதித் தொழிலைக் கண்முன்னால் இருந்தும் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

ஏலம் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், விலை பேசாதீர்கள். மீன் குறைவாக வந்த நாளில் “இவ்வளவுதானா?” என்று கேட்பதைப்போல் புண்படுத்தும் சொல் வேறில்லை. படகு வெறுமனே திரும்பினால் டீசல் செலவு, ஐஸ் செலவு, ஓர் இரவின் உழைப்பு எல்லாம் போயிருக்கும். ஒன்றும் பேசாமல் நிற்பதே அப்போது மரியாதை.

படம் எடுக்கிறவர்களுக்கு

முதல் காலையில் பாருங்கள், இரண்டாம் காலையில் எடுங்கள். கேமராவைக் காட்டி, தலையசைவுக்காகக் காத்திருந்து, பிறகு எடுங்கள். குழந்தைகளை எடுப்பதென்றால் பெரியவர்களின் ஒப்புதல் வேண்டும். விடியுமுன் ஃபிளாஷ் கூடாது. நீரில் நின்று படகைக் கரையேற்றுகிறவரின் கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் அடுத்த அலை அவருக்குத் தெரியாது. ஆமைகள் முட்டையிடும் கரையென்றால் இரவில் டார்ச்சும் ஃபிளாஷும் அறவே வேண்டாம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி நகர்பவை. செயற்கை வெளிச்சம் அவற்றை ஊருக்குள் திருப்பிவிடும். ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி விசாரியுங்கள். துறைமுகமும் கடலோரக் காவல் நிலையமும் உள்ள இடங்களில் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது.

வெயில் ஏறிய பிறகு

பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். நாலு மணி வரை வெளியே அலையாதீர்கள். வெப்பமண்டலத்து நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். அளவுகோலின் உச்சப் பிரிவே 11-இல்தான் தொடங்குகிறது. மேகம் மூடியிருந்தாலும் தோல் கருகும், மணலும் நீரும் திருப்பி வீசும் வெளிச்சம் குடைக்கு அடியிலும் வரும்.

அந்த நேரத்தில் நிழலில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். படகுக் கொட்டகையிலோ மரத்தடியிலோ வலை பழுதுபார்ப்பார்கள். உங்களிடம் அரைமணி இருந்தால் அங்கே போய் உட்காருங்கள். வலை பின்னுகிறவர் கால் கட்டைவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். ஒரு கையில் நூல் சுற்றிய தட்டையான ஊசி; மறு கையின் விரல்களுக்கு நடுவே வலைக்கண்ணின் (வலையின் ஒரு துளையின்) அளவுக்கு வெட்டிய சிறு பட்டை. கிழிந்த இடத்தை அப்படியே முடிந்துவிட மாட்டார். முதலில் கத்தியால் ஓரங்களை வெட்டி, ஓட்டையை இன்னும் பெரிதாக்குவார். அதன் பிறகே மேலிருந்து கீழாகக் கண் கண்ணாகப் பின்னி நிரப்புவார். இழுத்துக் கட்டினால் அந்த இடத்தில் வலை சுருங்கி, நீரில் சரியாக விரியாது. கண்ணின் அளவில் சட்டமும் உண்டு. குஞ்சு மீன் தப்பிப் போகவேண்டும் என்பதற்காகப் பல நாடுகள் குறைந்தபட்சக் கண்ணளவை விதித்திருக்கின்றன. ஊரின் பெரியவர்களோடு பேச்சு தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஏலத்தில் கேட்க முடியாத கேள்விகளை இங்கே கேட்கலாம்.

கடலில் இறங்குவது

மீனவ ஊரின் கரை குளிப்பதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. படகு இறக்க வசதியான, ஆழம் திடீரென்று கூடுகிற இடத்தில்தான் பல ஊர்கள் அமைந்திருக்கின்றன. உயிர்காப்பாளரும் கொடியும் இருக்காது. ஆகவே உள்ளூர்க் குழந்தைகள் குளிக்கும் இடத்தில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். நீச்சல் தெரிந்த மீனவர்களே இறங்காத இடத்தில் நீங்கள் இறங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இறங்குமுன் பத்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரியும். புதியவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குகிறார்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் இழுப்பு நீரோட்டம் அது. அதன் வேகம் சில நேரங்களில் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். தேர்ந்த நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். அது ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் இழுக்காது. மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள், இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அதோடு கரையேறுங்கள். வேறொருவர் சிக்கினால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். மீனவக் கரையில் வலை மிதவையும் காலி கேனும் கயிறும் எப்போதும் கிடக்கும். அவற்றை எறியுங்கள், கத்தி ஆள் கூப்பிடுங்கள்.

காலில் முள் தைப்பதைத் தவிர்க்க, ஆழமற்ற மணல்தரையில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப்போகும். திருக்கையோ கல்மீனோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வரை, காலை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். அதன் பிறகு மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். ஆஸ்திரேலியாவின் வடகரையிலும் தென்கிழக்காசியாவிலும் காணப்படும் பெட்டி வடிவ ஜெல்லிமீன் பட்டால் வினிகர் ஊற்ற வேண்டும். தேய்ப்பதும் நல்ல தண்ணீரால் கழுவுவதும் மிச்சமிருக்கும் நச்சு அணுக்களை வெடிக்க வைக்கும்.

இப்போது அந்த மேட்டு வழிக்கு வருகிறேன். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அந்தத் தீவில் 1907-இல் ஒரு பேரலை வந்து ஏராளமானோர் இறந்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற பாடத்தை ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் தாத்தா பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் கதை சொல்லியும் வந்தார்கள். 2004-இல் நிலம் ஆடியதும் அந்தச் சொல் தீவெங்கும் ஒலித்தது. மக்கள் குன்றுகளுக்கு ஓடினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. சைரனும் கைபேசி எச்சரிக்கையும் அங்கே இல்லை. உங்களுக்கு அந்தப் பாட்டிகள் இல்லை. ஆகவே வழியை முதல் மாலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நில அதிர்வு நீண்டாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஏறிவிடுங்கள். முதல் அலை வடிந்தவுடன் இறங்கி வராதீர்கள். அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரம் வரக்கூடும், முதலாவதே பெரியது என்ற விதியும் இல்லை.

படகில் போக ஆசைப்பட்டால்

காலையில் போங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீர் கொந்தளிக்கும். உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்து, கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். “கடலுக்குள் போனதும் போட்டுக்கொள்ளலாம்” என்று சொல்லும் படகில் ஏற வேண்டாம். தொகையையும் நேரத்தையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். எந்தப் படகில், எத்தனை மணிக்குத் திரும்புவதாகப் போகிறீர்கள் என்று கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படகோட்டி வானத்தைப் பார்த்துவிட்டு “இன்று வேண்டாம்” என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. கூடுதல் பணம் காட்டி அவரை இழுக்கிறவர்கள் இரண்டு குடும்பங்களின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வந்த பிறகு போட்டுப் பயனில்லை. படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள்.

மீனைச் சாப்பிடுவது

கடலோரம் என்பதாலேயே மீன் புதியது என்று ஆகிவிடாது. நல்ல மீனில் பெரும்பங்கு ஏலம் முடிந்ததும் வெளியூர் லாரியில் ஏறிப்போய்விடும். காலையில் உங்கள் கண்ணெதிரே இறங்கியதை மதியம் சாப்பிடுவதே சிறந்தது. இரண்டு ஆபத்துகளை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, படபடக்கும். இன்னொன்று பவளப்பாறைப் பகுதிகளில். பாறையில் வளரும் நுண்பாசியின் நச்சு சிறுமீன் வழியாகப் பெரிய சீலா, களவா, மோரே விலாங்கு ஆகியவற்றின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். சிகுவாடெரா எனப்படும் அந்த நச்சுக்கு மணமும் சுவையும் இல்லை. சமைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. எந்தப் பாறையின் மீனைத் தொடக்கூடாது என்பது உள்ளூர் மீனவருக்குத் தெரியும், ஆகவே அவர்கள் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகாத பெரிய மீனை நீங்களும் விட்டுவிடுங்கள்.

தண்ணீரும் குப்பையும்

கடற்கரைக் கிணற்றில் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் உப்புநீரின் எல்லை ஏறத்தாழ நாற்பது மீட்டர் மேலேறக்கூடும் என்பது நீரியலில் அறியப்பட்ட கணக்கு. விடுதி அறைகளில் நாளுக்கு மூன்று முறை குளித்துத் தண்ணீரைக் கொட்டினால், பக்கத்து வீட்டுக் கிணறு உப்பாகும். நாங்கள் காசு கொடுத்துத்தானே தங்குகிறோம் என்ற நினைப்பு இங்கே செல்லாது. ஒரு முறை உப்பாகிவிட்ட கிணறு பல மழைக்காலம் கழித்தும் பழைய நிலைக்கு வருவதில்லை. வாளியில் குளியுங்கள். நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக்கை உங்கள் பையிலேயே திருப்பி எடுத்துப் போங்கள். சிற்றூரில் குப்பை அள்ளும் வண்டி வராத நாட்களில் அது போய்ச் சேரும் இடம் கடல், பிறகு வலை.

கிளம்பும் நாள்

சங்கு, பவளத் துண்டு, உலர்ந்த கடற்குதிரை, ஆமை ஓட்டில் செய்த சீப்பு என்று கடைகளில் தொங்குவதை வாங்காதீர்கள். அழிவில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் கடலாமைகள் எல்லாம் முற்றிலும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. கடற்குதிரை, கடினப் பவளங்கள், ராட்சதச் சிப்பி, கரீபியனின் ராணிச் சங்கு ஆகியவை உரிமம் தேவைப்படும் பட்டியலில் இருக்கின்றன. விமான நிலையச் சுங்கத்தில் பொருளும் போய், அபராதமும் கட்ட நேரும். ஊருக்குப் பயன்படும்படி ஏதாவது வாங்க விரும்பினால், உலர்த்திய மீனை நன்றாகக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். போகும் நாட்டின் உணவுப்பொருள் விதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேநீர்க்கடைக் கணக்கை முந்தைய மாலையே முடித்துவிடுங்கள், விடியலில் எல்லோருக்கும் வேலை இருக்கும். யாரிடமாவது படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் கைபேசி எண்ணோடு நிறுத்தாமல் தபால் முகவரியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவர்களின் கைபேசி உப்புநீரில் போய்விடுகிறது, எண்ணும் மாறிவிடுகிறது. அச்சிட்டு, உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.